ஜமக்காளத்துக்குள் எமன்

எமன் எருமையில்தான் வருவான் என்று ஊஞ்சப்பாளையத்து ஜனங்கள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் எருமையை விட்டு இறங்கி ரொம்ப நாளாகிவிட்டது, இப்போது வீட்டுக்கு வீடு ஜமக்காளத்துக்குள் குடியிருக்கிறான் என்ற விஷயம் அந்த வருஷத்துத் தை மாதம்தான் வெளியே வந்தது. கண்டுபிடித்துச் சொன்னவர் விரிப்புச் சித்தர்.

சித்தர் இமயமலையில் தவம் செய்துவிட்டு நேரே சூரமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கினாராம். நடுவில் உலகத்தில் வேறு ஊர் எதுவும் அவருக்கு அகப்படவில்லை போலிருக்கிறது. அங்கிருந்து இரட்டை மாட்டு வண்டி கட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுப் பக்கம் வந்து, ஊஞ்சப்பாளையம் மாரியம்மன் கோயில் எதிரே புளியமரத்தடியில் கொட்டகை போட்டார். முதல் நாள் பேச்சிலேயே ஊர் கவிழ்ந்துவிட்டது.

"ஜமன் என்றால் யார்? எமன். காளம் என்றால் என்ன? காலம். எமகாலத்தை நடுவீட்டில் விரித்து அதன்மேல் புரண்டு படுக்கிறீர்களே, உங்கள் குடும்பம் எப்படி விளங்கும்?"

எட்டாவது வரை படித்த மணியகாரர் எழுந்து நின்று, எழுத்துக்கு எழுத்து சரியாக வருகிறது என்று சாட்சி சொன்னார். அந்த 'ள' வேறு, இந்த 'ல' வேறு ஆயிற்றே என்று கேட்க ஊரில் ஒரே ஒரு வாத்தியார் இருந்தார். அவரும் தம் ஜமக்காளத்தைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

அதன் பிறகு சட்டங்கள் புறப்பட்டன. ஜமக்காளத்தின் கோடு வாசலைப் பார்த்திருந்தால் லட்சுமி அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே வெளியே நடந்துவிடுவாள். சுவரைப் பார்த்திருந்தால் முட்டிக்கொண்டு நின்றுவிடுவாள். அறையைவிடப் பெரிதாக இருந்தால் கடன், சிறிதாக இருந்தால் குழந்தை தங்காது. நான்காய் மடித்தால் வழக்கு வரும். சுருட்டி வைத்தால் வயிற்றுவலி. ஆக, ஜமக்காளத்தை விரிக்கவும் கூடாது, மடிக்கவும் கூடாது, சுருட்டவும் கூடாது. பின் என்னதான் செய்வது என்று தெரியாமல் ஜனங்கள் அதைக் கொண்டுபோய் வேலியில் போட்டுவிட்டு வெறுந்தரையில் படுத்தார்கள். வெறுந்தரையில் படுத்த இரண்டு பேரைத் தேள் கொட்டியது. வேலியில் கிடந்த ஜமக்காளம் கோபத்தில் தேளை ஏவிவிட்டது என்று சித்தர் விளக்கம் சொன்னார். இப்படிக் கூட்டம் பெருத்துக்கொண்டே போயிற்று.

பரிகாரம் இல்லாமலா போய்விடும்? எமன் பிடித்த ஜமக்காளத்தைச் சித்தரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர் அதைக் காவிரியில் கரைப்பார். அதற்குப் பதிலாக, மந்திரம் ஏற்றிய சிவக்காளம் ஒன்றைக் காணிக்கை வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். சிவக்காளமும் நூலில் நெய்ததுதான், அதிலும் கோடுதான் போட்டிருக்கும். பேரில் இருக்கிறது எல்லாம் என்று மணியகாரர் சொன்னார்.

இந்தக் கூத்தையெல்லாம் கண்ணாத்தாள் தூரத்தில் இருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்புவதற்கு நேரம் கிடைக்கவில்லை. மகள் ராசம்மாளுக்குச் சங்ககிரிப் பக்கத்தில் நல்ல இடம் அமைந்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளும் வேலை தலைக்குமேல் கிடந்தது. இரண்டு வீட்டாரும் பெண் வீட்டு ஜமக்காளத்தில் சேர்ந்து உட்கார்ந்து தாம்பூலம் மாற்றினால்தான் அந்தப் பக்கம் பேச்சு உறுதி. அதற்கென்றே அவளிடம் ஒரு ஜமக்காளம் இருந்தது. பருத்தி நன்றாக விளைந்த வருஷம் பவானிக்கே போய், கடை கடையாய் ஏறி இறங்கி, நகத்தால் நூலை நெம்பி நெருக்கம் பார்த்து, ஈரத் துணியால் தேய்த்துச் சாயம் போகவில்லை என்று தெரிந்த பிறகு வாங்கியது. பச்சைக் கோடு, நீலக் கோடு, நடுவே அகலமாய் ஒரு மஞ்சள் பட்டை. கடைக்காரர் கடைசியில் கும்பிட்டு விடைகொடுத்தார் என்று அவள் கணவன் மயில்சாமி இன்றும் சொல்லிச் சிரிப்பான்.

மாப்பிள்ளையின் அப்பா கைலாசம் புதன்கிழமை வந்து, வாசலிலேயே ஆரத்தி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் உட்காரவில்லை. சித்தர் ஒரு பார்வை பார்த்துவிட்டால் மனசுக்குத் திருப்தியாக இருக்கும் என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் சித்தரே வந்துவிட்டார், பின்னால் பாதி ஊரும் வந்தது.

ஜமக்காளத்தை விரித்தார்கள். சித்தர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். இடுப்புப் பையிலிருந்து ஈர அட்சதையை அள்ளி மஞ்சள் பட்டை நெடுகத் தூவினார். பிறகு அதைக் கையாலேயே அழுத்தித் தேய்த்துத் தள்ளிவிட்டார். பெண் எங்கே உட்காருவாள் என்று கேட்டார். அந்தப் பட்டையின் நடுவைக் காட்டினார்கள். செம்பிலிருந்த தீர்த்தத்தை மாவிலையில் தோய்த்து அங்கே தெளித்தார். அது குடிக்கிற தீர்த்தம் அல்லவாம், விரிப்புத் தீர்த்தமாம், நாக்கில் படக் கூடாதாம். தெளித்த இடம் குப்பென்று சிவந்தது.

கூட்டம் பின்வாங்கியது. பச்சையும் நீலமும் மஞ்சளும் மட்டுமே உள்ள ஜமக்காளத்தில் சிவப்பு எங்கிருந்து வரும்? எமன் பல்லைக் காட்டிவிட்டான் என்றார் சித்தர். இந்தப் பெண் கால் வைக்கிற வீட்டில் ஒரு வருஷத்துக்குள் ஓர் ஆண் உயிர் போகும், சிவக்காளத்தில் உட்கார்ந்தால் ஒழிய விமோசனம் இல்லை என்றும் சொன்னார். காணிக்கையாக அவர் கண் போனது கட்டுத்தறியில் நின்ற செவலைப் பசுவின் மேல்.

கைலாசம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "வெள்ளிக்கெழம வாரனுங்க. சிவக்காளம் விரிச்சிருந்தா உக்காருறோம். இல்லீன்னா இந்தப் பேச்ச இதோட உட்டுருவமுங்க."

அவர் போன பிறகு ஊர் ராசம்மாளைப் பார்த்த பார்வைதான் கண்ணாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குப்பாயி தன் புருஷனைக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். ராசம்மாளை இடுப்பில் கிடந்த காலத்திலிருந்து தூக்கி வளர்த்தவள் அவள். ராசம்மாள் அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். சோறு வேண்டாம் என்றாள். கண்ணாத்தாளுக்கு முதலில் எமன்மேல்தான் கோபம் வந்தது. அவன் கையில் அகப்பட்டிருந்தால் அன்றைக்கே விளக்குமாற்றால் கதை முடிந்திருக்கும்.

மறுநாள் காலை வாசல் தெளிக்கப் போகும்போது ஜமக்காளத்தைப் பார்த்தாள். சித்தர் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதால் அது விரித்தபடியே கிடந்தது. சிவப்பு போய்விட்டிருந்தது. அந்த இடம் மஞ்சளாக, பட்டையைவிடக் கொஞ்சம் அழுக்கு மஞ்சளாக இருந்தது. கண்ணாத்தாள் குனிந்து பார்த்தாள். ரத்தம் காய்ந்தால் கறுக்கும். கோழி அறுத்த கல்லில் பார்த்திருக்கிறாள், அரிவாள் பட்ட விரலில் பார்த்திருக்கிறாள். எமனுடைய ரத்தம் மட்டும் மஞ்சளாகக் காயுமா?

யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். முந்தின நாள் கைலாசத்துக்குச் சுற்றிய ஆரத்தியை ஊற்றிய இடம் வாசலோரத்தில் இருந்தது. ஊற்றும்போது குங்குமமாய்ச் சிவந்திருந்தது, இப்போது அழுக்கு மஞ்சளாய்க் காய்ந்திருந்தது. அவள் ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். பிறகு தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் ஆரத்தி. ஊஞ்சப்பாளையத்தில் இது தெரியாத பெண்பிள்ளை கிடையாது. கல்யாணம், சீர், பிள்ளைப்பேறு என்று தட்டுத் தட்டாய்க் கரைத்த கைகள்தான் அத்தனையும். அதே சிவப்பைத் தட்டில் பார்த்தால் மங்கலம், ஜமக்காளத்தில் பார்த்தால் எமன் என்று அலறி ஓடியதும் அந்தக் கூட்டம்தான். அதில் தானும் ஒருத்தி என்று நினைக்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது.

அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை சித்தரை மேளத்தோடு அழைத்து வரும்படி மட்டும் மயில்சாமியிடம் சொன்னாள். பசு போகப்போகிறதே என்ற துக்கத்தில் அவனும் ஏன் என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீடு கொள்ளாத கூட்டம். கைலாசத்தின் வண்டியில் மாப்பிள்ளை சென்றாயனும் வந்திருந்தான். சித்தர் தம் கையாலேயே சிவக்காளத்தை விரித்தார். அதிலும் நடுவே மஞ்சள் பட்டை ஓடியது. மாவிலையால் தீர்த்தம் தெளித்தார். ஒரு பொட்டுச் சிவப்பில்லை. மணியகாரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கண்ணாத்தாள் ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தாள். அதில் மஞ்சள் மட்டும் கரைத்திருந்தது. எங்கள் ஜமக்காளத்துக்கு அட்சதை போட்டீர்களே, இதற்கும் போடுங்கள் என்று பணிவாகக் கேட்டாள். சிவக்காளத்துக்கு அட்சதை ஆகாது, அது தானே சுத்தமானது என்றார் சித்தர். சுத்தமானதுக்குப் போட்டால் ஒன்றும் ஆகிவிடாதே என்று சொல்லிக்கொண்டே அவள் தட்டிலிருந்த மஞ்சள் தண்ணீரைச் சிவக்காளத்தின் மேல் சாய்த்தாள். தாவி வந்த சித்தரின் கையிலிருந்து செம்பை வாங்கிக் கைலாசத்திடம் நீட்டினாள்.

"சம்மந்தி, இது பெரிய மனுசர் செய்யோணும். உங்க கையாலயே தெளிங்க."

கைலாசம் பயந்து பயந்துதான் தெளித்தார். மந்திரம் ஏற்றிய சிவக்காளம் பளிச்சென்று சிவந்தது. சித்தர் வீட்டுச் சிவனையும் எமன் பிடித்துவிட்டான் போல.

கூட்டம் இன்னும் விளங்காமல் நின்றது. கண்ணாத்தாள் செம்பில் விரலை விட்டு நாக்கில் வைத்துக் காறித் துப்பினாள். "அச்சதயில இருந்தது மஞ்ச, இது சுண்ணாம்புத் தெளிவுங்க. வெத்தலக்கித் தடவுறது. இத்தன வருசமா ஆரத்தி கரைச்ச நாமதானுங்க இதப் பாத்து ஓடுனோம்."

அப்போது குப்பாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சிவக்காளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அங்கே சின்னதாய் ஓர் ஒட்டுத் தையல் இருந்தது. புருஷன் பீடி நெருப்பைப் போட்டுப் பொசுக்கிய ஓட்டையைப் போன மாசம் தானே தைத்தது என்றாள். "காவேரில கரைச்சேன்னு சொன்னீங்களே, என்ற ஊட்டு ஜமக்காளம் எப்பிடிங்க நீந்தி வந்துச்சு?"

அதற்குள் நாலு பேர் ஓடிப்போய்ச் சித்தரின் வண்டியில் இருந்த மூட்டைகளை அவிழ்த்தார்கள். அடியில் இருந்தவை சுற்று வட்டாரத்து எமகாலங்கள். மேலே இருந்தவை துவைத்து அடுக்கிய சிவக்காளங்கள். இமயமலைச் சித்தருக்கு அப்போதுதான் தம் பூர்வாசிரமம் ஞாபகம் வந்தது. பேர் தங்கமுத்து என்றும், சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்பு சுடுகிற காளவாயில் வேலை பார்த்தவன் என்றும், கண்ணாத்தாள் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். காளம் என்பதற்குச் சரியான அர்த்தம் அவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

மணியகாரர் அவனைத் தூணில் கட்டச் சொன்னார். தமக்கு முதலிலேயே சந்தேகம் என்றும் சொன்னார்.

கைலாசம் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நடந்தது நடந்துவிட்டது, நல்ல நேரம் போவதற்குள் தாம்பூலம் மாற்றிவிடலாம் என்று மயில்சாமியிடம் மெல்லச் சொன்னார். மயில்சாமிக்குப் பசு தப்பிய சந்தோஷம், சரி என்று சொல்ல வாயெடுத்தான். கண்ணாத்தாள் அவனைக் கையமர்த்தினாள். உள்ளே போய்த் தன் பவானி ஜமக்காளத்தைக் கொண்டுவந்து நடுவீட்டில் உதறி விரித்தாள். கோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாரும் கவனிக்கவில்லை.

"சொல்லு சாமி, இதுல எமன் இருக்கறானா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க தாயி, இல்லவே இல்லீங்க" என்று தூணிலிருந்து குரல் வந்தது.

"உன்னயக் கேக்கல. எம் புள்ளயக் கேட்டேன்."

ராசம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. நேராகப் போய், மஞ்சள் பட்டையில் சித்தர் தெளித்த அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கைலாசத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, உங்க மகன இங்க வந்து உக்காரச் சொல்லுங்க. உக்கார யோசிச்சாருன்னா நீங்க வண்டி கட்டிக்கலாம்."

கைலாசம் திரும்பி மகனைப் பார்ப்பதற்குள் சென்றாயன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். மேளக்காரர்கள் யார் சொல்லியும் காத்திராமல் அடித்தார்கள்.

மறு வருஷம் ராசம்மாள் கால் வைத்த வீட்டில் ஓர் ஆண் உயிரும் போகவில்லை, ஒன்று வந்து சேர்ந்தது. குழந்தையை அந்தப் பவானி ஜமக்காளத்தில்தான் போட்டார்கள். மஞ்சள் பட்டையில் அது செய்த ஈரத்துக்கு எந்தச் சித்தரும் அர்த்தம் சொல்ல வரவில்லை.

இன்னொரு ஊரில், இன்னொரு புளியமரத்தடியில் இந்நேரம் யாராவது கொட்டகை போட்டிருப்பான். பாய்க்குள் சனி, தலையணைக்குள் ராகு என்று எதையாவது கண்டுபிடித்திருப்பான். நாமும் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்போம். மாதம் ஒரு முறை ஜமக்காளத்தை வெயிலில் போட்டு உதறுகிறோமே ஐயா, அதைத் தூக்கிச் சுமக்கிற தலையை எப்போது உதறப்போகிறோம்?