எட்டுச் செலவுக்கு வாங்கிய வொட்கா

குடித்துப் பழக்கமில்லாதவன் அடுத்தவனுடைய குடியில் கை வைக்கக் கூடாது. நான் இரண்டு தடவை வைத்தேன். முதல் தடவை அப்பா உயிரோடு இருந்தார். இரண்டாம் தடவை படமாக இருந்தார். முதல் தடவை அகப்படாமல் தப்பிவிட்டேன் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை அகப்பட்ட விதத்தை எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் இன்னும் மறக்கவில்லை.

அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். பொழுதுபட அன்புவழிபுரத்து வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் குளித்து, முற்றத்தில் கதிரையைப் போட்டு ஒரு கிளாஸ் சாராயம் குடிப்பார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. உண்மையில் கதையே இல்லை. எதைக் கேட்டாலும் ‘ஓம்’ என்பார், அல்லது பேசாமல் இருப்பார். வீட்டில் இருந்த மீதிக் கதை முழுவதையும் நான்தான் கதைத்தேன். எங்கள் பரம்பரையில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே மழை பெய்யுமா என்பது முதல் மாட்டுக்கு என்ன நோய் வருத்தம் என்பது வரை என்னிடம் கேட்பார்கள். நானும் தெரியாது என்று சொன்னதே இல்லை.

உயர்தரப் பரீட்சைக்குப் படித்த வருடம், ஈரலின் படம் ஒன்றை நிறம் தீட்டி அப்பாவின் கதிரைக்கு நேரே சுவரில் ஒட்டினேன். பலனில்லை. (அப்பா அதை ஏதோ மீன் என்று நினைத்திருக்கலாம்.) பிறகு ஒருநாள், அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, புதிதாக வாங்கி வைத்திருந்த போத்தலை எடுத்துப் பின்வளவுத் தேசிக்காய் மரத்தடியில் முழுவதையும் ஊற்றினேன். நிறையப் படிக்க இருக்கிறது, சாயம் கூடத் தேத்தண்ணி வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். பாலும் சீனியும் வேண்டாம் என்றும் சொன்னேன். அம்மா ஒரு கேத்தில் நிறையக் காய்ச்சித் தந்தார். ஆற வைத்துப் போத்தலில் நிரப்பினேன். நிறம் சாராயம் மாதிரியே அச்சொட்டாக இருந்தது.

அன்று பொழுதுபட அப்பா ஒரு கிளாஸ் ஊற்றி, ஒரே மூச்சில் குடித்து, வழமைபோல முகத்தைச் சுளித்து, வாயைத் துடைத்தார். அடுத்த நாளும் அப்படித்தான். நாலு நாளில் போத்தலை முடித்து, ஐந்தாம் நாள் புதுப் போத்தல் வாங்கி வந்தார். குடிகாரரின் நாக்கு செத்துப்போகும் என்று கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன்.

பிறகு நான் பட்டம் எடுத்தேன், கந்தோரில் மேசை வேலையும் கிடைத்தது. மூன்று வருடத்துக்கு முன் அப்பா படுத்தார். ஈரல்தான். கடைசி நாட்களில் ஒருநாள், வழமைக்கு மாறாக நீளமாகக் கதைத்தார். இளவயதில் வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் மூட்டை இறக்கப் போனாராம். கப்பல்காரன் ஒருவன் ஒரு தகரக் குவளையில் தண்ணீர் போல ஏதோ கொடுத்தானாம்.

“தேசிக்காய் மணம், தம்பி. அப்பிடி ஒரு குளிர். நெஞ்சுக்குள்ள ஆரோ யன்னல் திறந்து விட்ட மாதிரி. நீ படிச்சனி, இங்கிலீசு வாசிப்பாய். அந்தச் சாமானை ஒருக்கால் தேடி எடுத்துத் தாவன்.”

நான் என்ன செய்தேன்? கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, டொக்டர் சொன்னதை, சொல்லாததை, ஈரல் எப்படி வேலை செய்கிறது என்பதை எல்லாம் கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். ஆள் கேட்டுக்கொண்டு கிடந்தார். முடித்ததும் ‘ஓம்’ என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இருபதாம் நாள் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள் ‘எட்டுச் செலவு’ என்று ஒன்று செய்வோம். செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைத்து, விளக்கேற்றி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். உள்ளே அவர் வந்து சாப்பிடுவார். குடிக்கிறவர் என்றால் அதுவும் வைப்போம். அந்த ஒரு கிளாஸுக்குள் அப்பா கேட்டதை வைத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். அதைவிட்டால் கொடுக்க வேறு நாளே இல்லை என்று அன்றைக்குப் பட்டது.

அப்பா சொன்ன அடையாளங்களைக் கேட்டு, அது மணம் சேர்த்த வொட்காவாக இருக்கும் என்று சொன்னவன் என் நண்பன் ரமீஸ். மூதூர்க்காரன், கடற்கரை ஹொட்டேல் ஒன்றில் வேலை. ஒரு சொட்டும் வாயில் வைக்காதவன். ஆனால் எந்த வொட்காவுக்கு எந்தப் பழச்சாறு என்பதை வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிப்பான். ஒரேஞ்ச் என்கிற தோடம்பழ மணத்துக்கு இஞ்சி, பச்சை அப்பிளுக்குச் சோடா, எலுமிச்சைக்குச் சீனிப்பாகு. “வெறுமனே வைக்காத மச்சான். கொக்டெயிலா வை, மரியாதையா இருக்கும்” என்றான். இப்படியாக, குடிக்கவே தெரியாத இரண்டு பேர் சேர்ந்து, நாற்பது வருடம் குடித்த மனிதருக்கு என்ன குடிக்கக் கொடுப்பது என்று தீர்மானித்தோம்.

வைன் ஸ்டோர்ஸுக்குத் தலைக்கவசத்தைக் கழற்றாமல் போனேன். கம்பி வலைக்குப் பின்னால் நின்ற மனிதர் கண்ணை மட்டும் பார்த்தே பிடித்துவிட்டார். “நீர் சின்னராசா அண்ணையின்ர மகன் எல்லே?” என்று கேட்டு, நான் வாய் திறக்க முதல் அப்பா வழமையாக எடுக்கும் சாராயத்தை எடுத்து முன்னால் வைத்தார். வந்த காரணம் அவருக்குத் தெரியும். ஊரில் எல்லோரும் எட்டுச் செலவுக்கு அப்படித்தான் வாங்குவார்கள். நான் அதைத் திருப்பித் தள்ளி, வொட்கா வேண்டும் என்றேன். அப்பாவை இன்னொரு தடவை சாகடித்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“என்ன வொட்கா?”

மணந்து பார்க்கலாமா என்று கேட்டேன். எனக்குப் பின்னால் வரிசை சிரித்தது. தேசிக்காய்க்கு எலுமிச்சைதான் கிட்டத்தட்ட வரும் என்று தெரிந்தாலும், அப்பாவின் ஞாபகம் பிழைத்திருந்தால் என்ன செய்வது? எலுமிச்சை, தோடம்பழம், பச்சை அப்பிள் மூன்றையும் வாங்கினேன்.

எட்டாம் நாள் பின்னேரம் குசினியில் பெண்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்வளவுக் கொட்டிலுக்குள் ஆய்வுகூடம் அமைத்தேன். ஹோர்லிக்ஸ் போத்தல்தான் குலுக்கும் பாத்திரம். பக்கத்து வீட்டு ஐஸ் ஒரு சட்டியில். கொப்பியில் ‘மணம்’, ‘குளிர்’, ‘யன்னல்’ என்று மூன்று நிரல் கீறி, ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. ருசி பார்க்காமல் புள்ளி போட ஏலாது அல்லவா? ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு மட்டும்தான். ஆனால் படையல் முடியும்வரை மகன் சாப்பிடக் கூடாது என்று மாமி (அப்பாவின் தங்கச்சி) சொல்லியிருந்ததால், காலையிலிருந்து வயிறு வெறுமை.

எலுமிச்சை கோப்பை கழுவும் சவுக்காரம் மாதிரி இருந்தது. மணம் நாலு. பச்சை அப்பிள் தலைக்கு வைக்கும் ஷாம்பூ. தோடம்பழத்துக்கு இஞ்சி போட்டதும் காதுக்குள் சூடு ஏறியது. ஐஸைக் கூட்டினேன், பாகைக் குறைத்தேன், திரும்பவும் பார்த்தேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறாவது வரிசைக்குப் பிறகு கையெழுத்து என்னுடையது மாதிரி இல்லை. கடைசியாக ‘யன்னல்’ நிரலில் புள்ளி இல்லை. ‘கதவு’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.

விறாந்தை அறையில் படையல் தயாராக இருந்தது. அப்பாவின் கதிரையில் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் படம். கீழே வாழையிலையில் சோறு, நண்டுக் கறி, பொரித்த மீன், அவித்த முட்டை, ஒரு சுருட்டு. அப்பாவோடு முப்பது வருடம் மூட்டை இறக்கிய செபமாலை மாமா, பேப்பரில் சுற்றிய கால் போத்தல் சாராயத்தோடு வந்திருந்தார். இன்றைக்கு நான் கொண்டுவந்ததுதான் என்று தடுத்துவிட்டேன். பிறகு, பொது அறிவுப் போட்டியில் பரிசாகக் கிடைத்த கால் வைத்த கண்ணாடிக் கிளாஸில், மூன்றையும் கலந்து (எதையும் தெரிவுசெய்ய முடியாத நிலையில் இருந்தேன்), விளிம்பில் ஒரு தோடம்பழத் துண்டும் செருகி, இரண்டு கையாலும் ஏந்தி வந்தேன்.

மாமி பார்த்தார். “இதென்ன தம்பி, கலியாண வீட்டுச் சர்பத்தோ?”

“அப்பா கேட்டவர்” என்றேன். நாக்கு தடித்திருந்தது. அழுததில் குரல் அடைத்துவிட்டது என்று நினைத்து மாமி பேசாமல் விட்டார்.

கிளாஸைக் கதிரைக் காலடியில் வைத்து விளக்கேற்றினேன். எல்லோரும் கும்பிட்டு வெளியே போகத் தொடங்கினார்கள். அப்போதுதான் தோடம்பழத் துண்டு கிளாஸிலிருந்து நழுவி, கதிரைக்குப் பின்னால் உருண்டது. எடுக்கக் குனிந்தேன். சீமெந்துத் தரை குளிராக இருந்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அன்று முழுவதும் தேடிய குளிர் அங்கேதான் கிடந்தது.

கதவு சாத்திய சத்தம் கேட்டது.

எழும்பி வெளியே போனால் படையல் கெட்டுவிடும். உள்ளே இருந்தால் அப்பா வரமாட்டார். பட்டதாரி மூளையால் இரண்டையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, முழங்கை கிளாஸில் பட்டது. டிங் என்று சரிந்தது.

வெளியே கதை எல்லாம் நின்றது. “அண்ணை வந்திட்டார்” என்றார் மாமி, மெதுவாக. என் வயிற்றுக்குள் இருந்த சோடா அந்த நேரம் பார்த்து மேலே வந்தது. நீளமான ஏப்பம்.

“அண்ணைதான்” என்றார் மாமி.

பிறகு கதவுக்குக் கிட்ட யாரோ உட்காரும் சத்தம். அம்மா. எட்டு நாளாக அம்மா அழவும் இல்லை, ஒழுங்காகக் கதைக்கவும் இல்லை. தண்ணி வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டினார். அவர் இப்போது கதவோடு கதைத்தார்.

“இஞ்சாருங்கோ. ஆறுதலாச் சாப்பிடுங்கோ. பெடியனோட கோவிக்காதைங்கோ. அவன் போத்திலுக்குள்ள தேத்தண்ணி விட்டது எனக்குத் தெரியும். நான்தானே காய்ச்சிக் குடுத்தனான். உங்களுக்கும் தெரியும். பிள்ளை வெக்கப்படுவான் எண்டுதானே நாலு நாளும் அதைச் சாராயம் மாதிரிக் குடிச்சனீங்கள்.” கதவில் அவர் முதுகு சாயும் சத்தம். “கடைசியா நீங்கள் கேட்டதையும் நாங்கள் தரேல்லை. அந்தக் கோவம் தீந்திட்டுதோ?”

யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அதை மறக்கும் அளவுக்குக் குடிவெறி இல்லை. ஆனால் அந்தக் கேள்வி பதில் இல்லாமல் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க ஏலவில்லை.

“ஓம்” என்றேன்.

வொட்கா அறுத்த தொண்டையிலிருந்து அது எப்படி அப்பாவின் குரலாக வந்ததோ தெரியாது. மாமி ஒப்பாரியைத் தொடங்கினார். செபமாலை மாமா சிலுவை போட்டுக்கொண்டாராம். பெரியப்பா ஒருவர் செருப்பை விட்டுவிட்டு ரோட்டுக்குப் போய்விட்டாராம். கதவைத் திறந்தது அம்மாதான். விளக்கு வெளிச்சத்தில் அப்பாவின் படம், சரிந்த கிளாஸ், அதற்குப் பக்கத்தில் கதிரையிலிருந்து தொங்கிய வேட்டி நுனியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் தோடம்பழத் துண்டோடு, குடும்பத்தின் முதல் பட்டதாரி.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது எந்த இடத்தில் அழுகையானது என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் தெரியவில்லை. எட்டு நாள் அழுகை அது. மாமி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

நான் தேசிக்காய் மரத்தடிக்கு ஓடி, முன்பு சாராயம் ஊற்றிய அதே இடத்தில் சத்தி எடுத்தேன். செபமாலை மாமா என் தலையைப் பிடித்துக்கொண்டார். ஏன் இந்த வேலை பார்த்தாய் என்று கேட்டார். கப்பல், குவளை, யன்னல் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அண்டைக்கு நானும் கூட நிண்டனான். கப்பல்காரன் தந்தது வெறும் சாமான், தம்பி. மணமும் இல்லை, ஒண்டும் இல்லை. கொப்பர்தான் தன்ர சாப்பாட்டுப் பொட்டலத்துக்குள்ள இருந்த தேசிக்காயைப் பிழிஞ்சு விட்டவர்.” தலைக்கு மேலே காட்டினார். “இந்த மரத்துக் காய்.”

கொட்டிலுக்குள் மூன்று போத்தலும் திறந்தபடி இருந்தன. காய் என் தலையில் இடித்துக்கொண்டு தொங்கியது.

அம்மா வந்து ஒரு கிளாஸை நீட்டினார். அப்பாவின் கிளாஸ். சீனி போடாத தேத்தண்ணி. முகத்தைச் சுளிக்காமல் குடிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

இப்போது ஒவ்வொரு திவசத்துக்கும் வெறும் வொட்காவில் அரைத் தேசிக்காய் பிழிந்து வைக்கிறோம். கதவைச் சாத்த முதல் யாராவது ஒருவர், “தம்பி வெளியில நிக்கிறானோ, எண்ணிப் பாருங்கோ” என்பார். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் மாமி இந்தக் கதையை ஏப்பத்தோடு சேர்த்து நடித்துக் காட்டினார். (அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. காரணம் இதுதான் என்று நிரூபிக்க ஏலாது.)

போன திவசத்தன்று அம்மா முற்றத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக மனதுக்குள் கிடந்ததைச் சொல்லிவிடுவோம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அம்மா, அண்டைக்கு உள்ளுக்குள்ள ஓம் எண்டு சொன்னது நான்.”

அம்மா சுளகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இருந்தது நீதான். ஆனா நீ பதில் சொன்னா ஒரு மணித்தியாலம் போகும். ஒரு சொல்லில முடிக்கிறது அவர்தான்.”

விளங்கப்படுத்த வாயைத் திறந்தேன். தொண்டை, வெறி, குரல், எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. வரிசையாக வந்து நின்றன.

“ஓம்” என்றேன்.