ஓடு மிஸ்ஸின் மென்பந்து அணி

மனித குலத்துக்கு மென்பந்து என்கிற சாஃப்ட்பால் அத்தியாவசியம் என்று நம்பிய ஒரே ஜீவன் அறுபதுகளில் திண்டுக்கல்லில் வாழ்ந்தது. அந்த ஜீவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஓடு மிஸ்.

நான் படித்த பெண்கள் கல்லூரியில் அவர் விளையாட்டு ஆசிரியை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதை யாரும் உபயோகித்ததாக ஞாபகம் இல்லை. 'குட்மார்னிங் மிஸ்' என்றால் 'ஓடு' என்பார். தலைவலி என்றால் 'ஓடு, சரியாயிரும்' என்பார். மணி என்ன என்று கேட்ட சரித்திர ஆசிரியையிடமும் பழக்கதோஷத்தில் 'ஓடுங்க' என்று சொல்லிவிட்டார். பாவம், அந்த அம்மாள் மணி அடித்துவிட்டது என்று நினைத்து வகுப்புக்கு ஓடியே போனார்.

அதற்கு முன் எங்கள் கல்லூரியில் விளையாட்டு என்றால் வளையப்பந்து. அதையும் பூ உதிராமல் ஆடுவோம். சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போன ஓடு மிஸ், திரும்பும்போது ஒரு மட்டையும் ஒரு பந்தும் கொண்டுவந்தார். பந்து கொழுத்த மாதுளம்பழம் அளவு இருந்தது. மென்பந்து என்று பெயர் சூட்டிய மகானுபாவர் அதைத் தொட்டுப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. முதல் நாளே அது என் முழங்காலில் பட்டது. நொண்டிக்கொண்டே அழுதேன்.

"அழுவுறியா? அழுவு. ஆனா ஓடிக்கிட்டே அழுவு" என்றார் மிஸ்.

அணிக்கு ஆள் எடுத்த விதம் இன்னும் அருமை. மாலையில் கல்லூரி வாசலில் நின்று, புறப்பட்டுவிட்ட பஸ்ஸைத் துரத்திப் பிடித்த பெண்களை மட்டும் சேர்த்துக்கொண்டார். நான் விடுதிக்காரி, எனக்கு பஸ்ஸே கிடையாது. சாப்பாட்டுக்கூடத்தில் யாரோ தட்டிவிட்ட மோர் டம்ளரை, கீழே விழுவதற்குள் பிடித்தது நான் செய்த பாவம். "இந்தக் கைய எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?" என்று கேட்டு, பந்து வீசும் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்.

தாவணியோடு ஓட முடியாது, தாவணி இல்லாமல் ஓடக் கூடாது என்பது எங்கள் பிரின்சிபால் அம்மாவின் கொள்கை. அவர் தர்க்க சாஸ்திரம் படித்தவர். மிஸ் யோசித்தார். விடுதி ஜன்னல்களிலிருந்து கழற்றிப்போட்ட பழைய பச்சைத் திரைகளில் எங்களுக்குப் பைஜாமா தைத்து, மேலே தாவணியை இழுத்துக் கட்டச் சொன்னார். திரைச்சீலை டீம் என்ற புகழ் ஊரெங்கும் பரவியது.

அடுத்த பிரச்சினை கையுறை. அப்படி ஒரு பொருளைத் திண்டுக்கல் கடைக்காரர்கள் கேள்விப்பட்டதே இல்லை. மிஸ் பேகம்பூருக்குப் போய் ஒரு தோல் வியாபாரியைப் பிடித்தார். கையைத் தட்டுப்போல விரித்துக் காட்டி, "பாய், இம்புட்டுப் பெருசு வேணும்" என்றார்.

"இது யாரு கைக்கும்மா? மனுசங்களுக்குத்தானே?"

"பொம்பளப் புள்ளைகளுக்கு பாய். பந்து புடிக்க."

"யா அல்லாஹ்" என்றாராம் பாய். ஆனாலும் தைத்துக் கொடுத்தார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. வாசம்தான் சற்றுத் தூக்கல். முதல் நாள் ஆட்டத்தைப் பார்க்க ஊரிலுள்ள நாய்களெல்லாம் வந்தன. எங்கள் முதல் ரசிகர்கள் அவைதான். ஒன்று கையுறையைக் கவ்விக்கொண்டு ஓட, நாங்கள் துரத்த, மிஸ் பூரித்துப்போய்ச் சொன்னார்: "இன்னைக்குத்தான்டி உருப்படியா ஓடிருக்கீக!"

அணி தயார். எதிரணி? சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்லூரிக்கும் இப்படி ஒரு வியாதி வந்திருக்கவில்லை. மற்றவர்களாக இருந்தால் கோகோவுக்கு மாறியிருப்பார்கள். ஓடு மிஸ் எதிரிகளையும் தானே தயாரிக்கக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வடமதுரைக்குப் போய், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்களைத் திரட்டினார். பெற்றவர்கள் லேசில் விடவில்லை.

"புள்ளைய எதுக்கு டீச்சரம்மா ஓட விடணும்?"

"உங்க ஆட்டுக்குட்டி அத்துக்கிட்டு ஓடுனா யாரு புடிக்கிறது? நீங்களா?"

கேட்டவருக்கு நல்ல தொந்தி. குனிந்து அதைப் பார்த்துவிட்டுப் பெண்ணை அனுப்பிவிட்டார்.

எங்களிடம் தோற்பதற்காகவே உருவாக்கப்பட்ட அந்த அணி, சில மாதம் கழித்து எங்களோடு மோத வந்தது. பிரின்சிபால் அம்மா தலைமை. பாய்கூடத் தன் கையுறைகளின் அரங்கேற்றத்தைப் பார்க்க வந்திருந்தார். வடமதுரைப் பெண்களில் பஞ்சவர்ணம் என்று ஒருத்தி. தக்காளித் தோட்டக்காரர் மகள். கொடிக்கம்பம் மாதிரி உயரம். மட்டையை வாங்கி எடை பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்கு டீச்சர்? புளியம்பழம் உலுக்குற மாதிரிதானே?" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டே வீசினேன். அதுதான் அன்று நான் கடைசியாகச் சிரித்தது. பந்து மைதானத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பக்கத்துக் கனகாம்பரத் தோட்டத்தில் போய் விழுந்தது. இருந்தது ஒரே பந்து. நாங்கள் எல்லோரும் செடி செடியாகத் தேட, பஞ்சவர்ணம் நிதானமாக ஓட்டம் எடுக்கத் தொட வேண்டிய நான்கு முனைகளையும் தொட்டுவிட்டு வந்து நின்று கேட்டாள்: "சும்மாத்தானே இருக்கேன் டீச்சர், இன்னொரு வாட்டி ஓடிட்டு வாரவா?"

படுதோல்வி. கேவலம் என்ற சொல்லுக்கு அன்றுதான் எங்களுக்கு முழுப் பொருள் விளங்கியது. அதைவிடக் கேவலம், எங்கள் மிஸ் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தது. பெற்ற பிள்ளைகள் போன்ற நாங்கள் இங்கே மண்ணில் கிடக்கிறோம், அவர் அங்கே குதிக்கிறார்!

பிரின்சிபால் அம்மா எழுந்தார். "நாளையோட இந்தக் கூத்த நிறுத்திருங்க. மைதானத்துல கத்தரிக்கா போட்டா ஹாஸ்டலுக்கு வெஞ்சனமாவது ஆகும்."

"போடலாம் மேடம்" என்றார் ஓடு மிஸ் பணிவாக. "அதுக்கு முன்னாடி ஜெயிச்ச புள்ளைய நம்ம காலேஜுல சேத்துக்கிருவோம். சேத்துக்கிட்டா ஜெயிச்சது நாமதானே?"

தர்க்க சாஸ்திரமே இதை ஒப்புக்கொண்டது போலிருக்கிறது. "அடுத்த வருசம் திருச்சியில மென்பந்துப் போட்டி வைக்கிறாங்களாம், அதுல கோப்பை வரணும். வரலேன்னா கத்தரிக்காதான்" என்று பிரின்சிபால் அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

பஞ்சவர்ணத்தின் அப்பா மசியவில்லை. பி.ஏ. படித்தவளுக்கு மாப்பிள்ளை யார் தேடுவது என்பது அவர் கவலை. மிஸ் வாதாடவில்லை. "சரிண்ணே, தோட்டத்துல ஒத்தாசையாவது பண்ணுறேன்" என்று வாராவாரம் போய்த் தக்காளி பறித்தார். பழத்தை விட்டுவிட்டுக் காயைப் பறித்தார். பறித்ததைக் கூடையில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். "செத்த நேரம் சும்மா இரும்மா" என்று மனுஷன் கெஞ்சினாலும் கேட்கவில்லை. கடைசியில் ஒருநாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "தாயி, புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ. என் தோட்டத்த மட்டும் விட்டுரு."

பஞ்சவர்ணம் கல்லூரிக்கு வந்தாள். வந்ததும் என் இடம் போனது. பந்து வீசுவதும் அவளே, அடிப்பதும் அவளே. எனக்குத் தண்ணீர்ப் பானையைப் பார்த்துக்கொள்ளும் உயர்பதவி கிடைத்தது. முறையிட்டேன். மிஸ் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அவளுக்கு இங்கிலீஷு வரல. ஃபெயிலானா ஆட விடமாட்டாக. நீதான் சொல்லிக் கொடுக்குற" என்றார். என் இடத்தைப் பறித்தவளுக்கு நானே வாத்தியார்! திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். அவள் பாஸானாள். போதாததற்கு என் உயிர்த்தோழியாகவும் ஆகித் தொலைத்தாள்.

திருச்சிக்குப் போனோம். அதற்குள் அங்கே இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு இந்த வியாதி பரவியிருந்தது. பச்சைப் பைஜாமாவைப் பார்த்து மைதானமே சிரித்தது. பஞ்சவர்ணம் புளி உலுக்க ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டது. கோப்பை வந்தது. கல்லூரி விழாவில் பிரின்சிபால் அம்மா முக்கால் மணி நேரம் பேசினார். மென்பந்தின் மகத்துவத்தைத் தாம் முதல் நாளே உணர்ந்துவிட்டதாகச் சொன்னார். ஓடு மிஸ்ஸை மேடைக்குக் கூப்பிட மறந்துவிட்டார். மிஸ் அதைக் கவனிக்கவே இல்லை. பின்வரிசையில் நின்று, யாரோ ஒரு முதலாண்டுப் பெண்ணின் கால்களைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

இனி நிம்மதி என்று நினைத்தோம். அந்தக் கோடையில் அவர் வேலையை விட்டுவிட்டுத் திருச்சியில் வேறொரு கல்லூரிக்குப் போய்விட்டார். எந்தக் கல்லூரி? எங்களிடம் எல்லோரையும்விட மோசமாகத் தோற்ற கல்லூரி!

"ஏன் மிஸ்?" என்று பஸ் நிலையத்தில் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டோம்.

"நீங்கதான் ஜெயிக்கிறீகளே. அங்க ஒருத்திக்குக்கூட ஓடத் தெரியல" என்றார், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர்போல அவசரமாக.

மறு வருஷம் இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே வந்து நின்றது அந்தக் கல்லூரிதான். ஒல்லி ஒல்லியாய், பயந்த கண்களோடு பெண்கள். அவர்கள் பின்னால் எங்கள் மிஸ், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. இந்த முறை எனக்கும் ஆட இடம் கிடைத்திருந்தது. நாங்கள் வெறியோடு ஆடினோம். ஈவு இரக்கமில்லாமல் அடித்து ஜெயித்தோம். பாராட்டு வாங்கலாம் என்று அவரிடம் ஓடினோம். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"ஏன்டி, இப்படியா அடிப்பீக? என் புள்ளைக பாவம், அழுவுதுக!" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்களின் கண்ணைத் துடைக்கப் போய்விட்டார்.

கோப்பை பஞ்சவர்ணத்தின் மடியில் இருந்தது. 'என் புள்ளைக' என்று அவர் சொன்னது எங்களை இல்லையே என்று, ஜெயித்த நாங்கள் அத்தனை பேரும் திண்டுக்கல் வந்து சேரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தோம்.