என்ன விலை இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்

பொருள் வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. வாங்கியதைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை, ஆகவே அவர்களை விட்டுவிடலாம். வாங்கியதை நம் மூக்குக்கு நேரே நீட்டி, "என்ன விலை இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கிறவர்கள் இன்னொரு வகை. இவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள், ஆனால் பாவம், இவர்களுக்கென்று ஒரு பெயர் மட்டும் இல்லை. 'சொல்லுங்க பார்ப்போம்காரர்' என்று நாமே வைத்துவிடுவோம்.

அவர் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியுமா உங்களுக்கு? மனத்தில் தோன்றும் தொகையை அப்படியே சொல்லிவிடக் கூடாது. அதை இரண்டால் பெருக்கி, கணக்குப் போடுவது போல நெற்றியைச் சுருக்கி, "இதுக்குக் கீழ இருக்காதுங்க" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் முகம் அப்படியே மலரும். "அதுல கால்வாசி" என்பார். உடனே நீங்கள் வாயைப் பிளக்க வேண்டும். பிளந்தால் டீ உண்டு. மாறாக, அவர் கொடுத்த விலையைவிடக் குறைத்துச் சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். அந்தப் பொருளின் வம்ச வரலாறு முழுவதையும் கேட்டு முடிக்காமல் நீங்கள் அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

பெரம்பலூரில் துறையூர் சாலையில் விதைக்கடை வைத்திருக்கும் மணிமாறன் இந்த இனத்தில் முதல் தரம். கடையில் மக்காச்சோள விதையின் விலையையும் பருத்தி விதையின் விலையையும் ஒரே சொல்லில் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பவர், சொந்தப் பொருள் என்று வந்துவிட்டால் விடுகதை போட ஆரம்பித்துவிடுவார். வாட்டர் ஹீட்டருக்குப் போட்டார். ஸ்கூட்டருக்குப் போட்டார். கடைசியாக வந்ததுதான் அந்தக் கைக்கடிகாரம்.

அது சீனாவில் செய்தது. பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்க வேண்டும். அதற்கு 'குரோனோகிராஃப்' என்று பெயர். வாங்கப்போகும் செய்தியை மணிமாறன் முதல்முறை வீட்டில் சொன்னபோது, மனைவி கலையரசி அது ஏதோ ஆஸ்பத்திரியில் எடுக்கிற படம் என்று நினைத்து, "ஏங்க, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?" என்று பதறிப்போனார். விஷயம் இவ்வளவுதான்: நேரம் பார்க்கிற கடிகாரத்துக்குள்ளேயே ஓட்டப்பந்தயத்துக்கு விநாடி பார்க்கிற கடிகாரமும் ஒன்று குடியிருக்கும். பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அழுத்தினால் நடுவில் உள்ள நீள விநாடி முள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பொத்தானை அழுத்தினால் ஒரே துள்ளலில் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடும். எதையும் அழுத்தாவிட்டால், அது பாட்டுக்குப் பன்னிரண்டிலேயே சும்மா நிற்கும். உண்மையான விநாடி, இடது பக்கம் உளுந்தம்பருப்பு அளவுள்ள ஒரு வட்டத்துக்குள், யார் கண்ணுக்கும் படாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

மணிமாறன் பட்ட பாடெல்லாம் அந்த நீள முள் நின்றதால் பட்ட பாடு.

முதலில் அவருடைய சடங்குகளைச் சொல்லிவிடுகிறோம். காலையில் குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சாவி கொடுப்பார். அந்த நேரத்தில் வீட்டில் மிக்சி ஓடக் கூடாது, சாவி முறுகும் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும். பிறகு போனில் உள்ள நேரத்தோடு வைத்துப் பார்த்து, "ராத்திரிக்குள்ள எட்டு விநாடிதான் கூட ஓடியிருக்கு" என்று பிள்ளை மார்க் வாங்கி வந்ததைப் போலச் சொல்வார். கடைக்குப் போனதும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுக்கு மேலே ஒரு மடிப்பு மடிப்பார். டீயை இடது கையால் வாங்குவார், ரசீதை இடது கையால் நீட்டுவார். மீதிச் சில்லறையையும் இடது கையால் கொடுத்தபோது அரியமுத்து என்ற விவசாயி, "ஏங்க, நாங்க என்ன பாவம் பண்ணுனோம், பீச்சாங்கையில குடுக்குறீங்க?" என்று கோபித்துக்கொண்டு போனார். மறுநாளே கடிகாரம் வலது கைக்கு மாறிவிட்டது.

கடிகாரத்தின் முதுகில் இரும்புக்குப் பதில் கண்ணாடி. கழற்றித் திருப்பி, போன் டார்ச்சை அடித்து, உள்ளே சக்கரங்கள் சுற்றுவதைக் காட்டுவார். சின்ன வெங்காய விதை கேட்டு வந்த நல்லுசாமிக்கும் காட்டினார்.

"இந்த மெஷின் சுவிட்சர்லாந்துக்காரன் வச்சிருந்ததுங்க. சீனாக்காரன் மெஷினையே வெலைக்கு வாங்கிப் பேத்து எடுத்துட்டுப் போயிட்டான். அதே பல்லு, அதே சக்கரம், பேரு மட்டுந்தான் வேற. அவனோட ப்ளேன் ஓட்டுறவங்களுக்குன்னே செஞ்சது. இப்ப என்ன வெலை இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்."

நல்லுசாமி உற்றுப் பார்த்தார். டயலில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருந்தது. "வெலைக்கா வாங்குனீங்க? கட்சி மாநாட்டுல குடுத்ததுன்னுல்ல நெனச்சேன்" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

"ஆனா இது நின்னு போச்சுங்களே."

எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். பஸ்ஸில் கண்டக்டர் சொன்னார். பேங்க் கவுன்டரில் சொன்னார்கள். பல் டாக்டர், மணிமாறன் வாயைத் திறந்து வைத்திருந்ததால் பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துச் சொன்னார். எத்தனை பேரிடம்தான் உளுந்தம்பருப்பு வட்டத்தைக் காட்டுவது? வெறுத்துப்போய், நீள முள்ளை எப்போதும் ஓடவே விட்டுப் பார்த்தார். அது முழுநேரமும் ஓடியதால் சுருள்வில் சீக்கிரம் களைத்து, ஒரு நாள் விடிவதற்குள் நிஜமாகவே நின்றுவிட்டது. ஓடாவிட்டால் ஊர் சிரிக்கிறது, ஓடினால் கடிகாரம் சாகிறது. வாங்கியவருக்கு இதைவிட என்ன கஷ்டம் வர வேண்டும்?

வந்தது. மகள் பூங்குழலிக்கு இரண்டு வரன்கள் கிட்டத்தில் வந்து தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாகத் தா.பழூரிலிருந்து ராஜராஜன் வந்தான். அவனோடு போனில் பேசிவிட்டு வந்த பூங்குழலி, யாரும் கேட்காமலேயே அப்பாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அப்படியொரு காரியம் அந்த வீட்டில் அதற்கு முன் நடந்ததில்லை. அந்தக் காபியைக் குடிக்கும்போது மணிமாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த இடம் மட்டும் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று, கடிகாரத்தைக்கூட மறந்துவிட்டு, அன்று முழுக்கக் கவலைப்பட்டார்.

இரண்டு ஊருக்கும் பொதுவாக அரியலூரில் ஒரு மண்டபம் பிடித்தார்கள். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். புறப்படும்போது கலையரசி, "இன்னைக்கி ஒரு நாளு அதைக் கழட்டி வச்சிட்டு வாங்களேன்" என்று கெஞ்சினார்.

"சம்பந்தி முன்னாடி வெறுங்கையோட போயி நிக்கச் சொல்றியா?" என்றார் மணிமாறன்.

மாப்பிள்ளையின் அப்பா பெயர் கண்ணையன். அவருக்கு ஓர் அக்கா, கொளஞ்சியம்மாள். அந்தக் குடும்பத்தில் கண்ணையன் பேசுவார், கொளஞ்சியம்மாள் முடிவு செய்வார். மணிமாறன் மண்டபத்தில் வேறு இடமே இல்லாதது போல அந்த அம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வலது கையை நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தார். மடிப்பை இன்னும் ஒரு சுற்று ஏற்றினார். பொத்தானை அழுத்தி முள்ளை ஓட விட்டார், நிறுத்தினார், துள்ள விட்டார். கொளஞ்சியம்மாள் மெதுவாகக் குனிந்து பார்த்தார். மணிமாறன் விடுகதைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்ன சம்பந்தி, நின்னு போச்சே" என்றார் கொளஞ்சியம்மாள்.

அதே நேரத்தில் கலையரசியின் தங்கை மஞ்சு சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் வந்தாள். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை "நின்னு போச்சு" என்று சொன்னதைக் கேட்டாள், அத்தான் முகம் கறுத்ததைப் பார்த்தாள். நிச்சயதார்த்த மண்டபத்தில் நின்றுபோவதற்கு வேறு என்ன இருக்கிறது? கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"நின்னு போச்சாம். அந்தம்மா வாயாலயே சொல்லிடுச்சு."

சமையற்கட்டில் சமையல் பொறுப்பிலிருந்த பஞ்சவர்ணம் உலையில் போட இருந்த அரிசியை மறுபடி கூடையில் கொட்டி அடுப்பை அணைத்தார். நாயனக்காரர் சீவாளியைக் கழற்றிப் பையில் போட்டார். யாரோ போன் செய்ய, பெரம்பலூர்க் கடைவீதிக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன் பேரளி தாண்டியதும் அப்படியே திரும்பிவிட்டது. மணமகள் அறையில் ஓர் அத்தை பூங்குழலியைக் கட்டிக்கொண்டு, "விடு கண்ணு, ஒனக்குன்னு ஒருத்தன் பொறக்காமலா இருப்பான்" என்று மூக்கைச் சிந்தினார்.

இதெல்லாம் நடக்கும்போது பெண்ணைப் பெற்றவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்கிறீர்கள்? கொளஞ்சியம்மாளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "நிக்கலைங்க, நிக்கிற மாதிரி தெரியும், அவ்வளவுதான்" என்று ஆரம்பித்து, உளுந்தம்பருப்பு வட்டத்தைக் காட்டி, கழற்றி முதுகைத் திருப்பி, டார்ச் அடித்து, சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். அங்கே மெஷினைப் பேர்த்தெடுத்துக் கப்பலில் ஏற்றிச் சீனாவில் இறக்குவதற்குள் மணி பத்தைத் தாண்டிப்போயிற்று. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டே அவர் மணி பார்க்கவில்லை.

தண்ணீர் குடிக்கச் சமையற்கட்டுப் பக்கம் போன கண்ணையன் திரும்பி வந்து மணிமாறன் முன்னால் நின்றார். "பொண்ணு வூட்டுக்காரங்க அடுப்பையே அணைச்சிட்டாங்க. மேளக்காரங்களும் கெளம்பிட்டாங்க. எங்ககிட்ட என்ன கொறையக் கண்டீங்க? மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?" தா.பழூர்க்காரர்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். ராஜராஜன் மட்டும் மேடையில் உட்கார்ந்தபடி, மணமகள் அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் அவர்களுடைய பஸ் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. மூன்றாவதும் போகிறது, அதுவும் தன் மணிக்கட்டிலிருந்து கிளம்பிய ஒரு வார்த்தையால் போகிறது என்பது அப்போதுதான் மணிமாறனுக்கு உறைத்தது.

கதவு திறந்தது. பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூங்குழலி நேராக அப்பாவிடம் வந்தாள். தங்கள் வீட்டில் நின்றுபோகிற பொருள் எது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அப்பா, மைக்ல சொல்லுங்க. வாட்ச்தான் நின்னு போச்சுன்னு."

"அது நிக்கலையேம்மா" என்றார் மணிமாறன். அந்த நிலையிலும் சொன்னார்.

"தெரியும்ப்பா" என்றாள் பூங்குழலி.

மணிமாறன் அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளாகப் பெரம்பலூர் முழுக்கத் தேடியும் கிடைக்காத ஒரே ஒரு ஆள் தன் வீட்டிலேயே இருந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. கடிகாரத்தை மறுபடி கையில் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். மைக்கைப் பிடித்தார். பிடித்த கையின் மணிக்கட்டில், அந்தக் குட்டி வட்டத்துக்குள், விநாடி முள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாரும் உக்காருங்க. நின்னு போனது என் வாட்சுங்க. வேற ஒண்ணும் நிக்கல."

பின்வரிசையில் ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். கண்ணையனும் சிரித்தார். பஞ்சவர்ணம் அடுப்பைப் பற்ற வைத்தார், சீவாளி பையிலிருந்து வெளியே வந்தது, வேனுக்கு மறுபடி போன் போயிற்று. கொளஞ்சியம்மாள் மேடைக்குக் கீழே நின்று, மனமிரங்கி ஒரு யோசனை சொன்னார்.

"ஒரு பேட்டரி வாங்கிப் போட்டா ஓடிட்டுப் போவுது. இதுக்குப் போயி மொகத்த இப்படி வச்சிருக்கீங்களே, சம்பந்தி."

பேட்டரி. மணிமாறனின் தொண்டையில் சுவிட்சர்லாந்து முழுவதும் வந்து முட்டியது. பூங்குழலி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றார். "போட்டுடுறேன்."

மண்டபச் சுவரில் யாரோ அன்பளிப்பாக மாட்டியிருந்த பிளாஸ்டிக் கடிகாரத்தைப் பார்த்து, ராகு காலத்துக்குச் சற்று முன்னால் தட்டு மாற்றினார்கள்.

கல்யாணம் தை மாதம் நல்லபடியாக நடந்தது. பந்தி முடிந்ததும் கொளஞ்சியம்மாள், பார்த்துப் பார்த்து வாங்கிய ஒரு பெட்டியை மணிமாறன் கையில் கொடுத்தார். உள்ளே தங்க நிறத்தில் ஒரு பேட்டரி வாட்ச் டிக் டிக்கென்று ஓடியது. நீள முள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன வெலை இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்."

மணிமாறன் மனத்தில் தோன்றிய தொகையை இரண்டால் பெருக்கினார். நெற்றியைச் சுருக்கினார். "இதுக்குக் கீழ இருக்காதுங்க" என்றார். அம்மாளின் முகம் மலர்ந்தது. "அதுல கால்வாசி" என்றார். மணிமாறன், சம்பந்தி என்ற முறையில், வாயைப் பிளந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாம் அப்படியெல்லாம் இல்லை என்ற தைரியம். போன மாதம் தள்ளுபடியில் வாங்கிய அந்தச் செருப்பை எதிர் வீட்டுக்காரர் முன்னால் எதற்காக அத்தனை முறை கழற்றிப் போட்டீர்கள் என்று நாங்கள் கேட்கப்போவதில்லை. வேறொன்று கேட்கிறோம். மணிமாறனின் சீனக் கடிகாரம் என்ன விலை என்று இதுவரை நாங்கள் சொல்லவே இல்லை, நீங்களோ படித்துக்கொண்டே வரும்போது மனத்துக்குள் ஒரு தொகையைப் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

எவ்வளவு? சும்மா, சொல்லுங்க பார்ப்போம்.