ஆம்பூரில் ஸ்கவுட்டிங் ஸ்தாபிக்கப்பட்ட விதம்

சகல ஊர்களிலும் தாமதமின்றி ஸ்கவுட்டிங் ஸ்தாபிக்கப்பட வேண்டுமென்று வேலூர் தாசில்தாருக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. ஸ்தாபிக்கத் தாசில்தார் தயார். எதை என்பதுதான் தெரியவில்லை. தெரியாது என்று மேலிடத்துக்கு எழுதும் வழக்கம் அந்தத் தாலுகா கச்சேரியில் கிடையாது. குமாஸ்தா பச்சையப்பன் அகராதியைப் புரட்டினார்.

"ரெண்டு அர்த்தம் போட்டிருக்குதுங்க. ஒண்ணு, வேவு பார்க்கறது. இன்னொண்ணு, இகழ்ந்து தள்றது."

"இரண்டாவதை நாம் ஏற்கெனவே செய்து வருகிறோம். முதலாவதை ஆரம்பியும்."

அப்படித்தான் ஆம்பூர் டிரில் வாத்தியார் இருதயராஜ், உத்தரவோடு வந்த காக்கி அரைக்கால் சட்டையும் கழுத்துக்குட்டையும் விசிலுமாக, சர்க்கார் வேவுகாரரானார். மாட்டேன் என்றால் வேலை போய்விடும்.

முழங்கால் தெரியத் தெருவில் நடக்கக் கூசியது அவருக்கு. ஆனால், அதுவரை அவர் சலாமைக் கண்டுகொள்ளாத தோல் மண்டி நிசார் அஹமது சாயபு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க வாத்தியாரே, பிரியாணி சாப்ட்டுப் போங்க. நம்ம வியாபாரம் சுத்தம். பக்கத்து மண்டி மஹபூப் பாஷாவைத்தான் கவனிக்கணும்."

"அவர் இன்னா செஞ்சார்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களை அனுப்பியிருக்காங்க!"

மஹபூப் பாஷா வீட்டிலும் பிரியாணி. அங்கே நிசார் அஹமதைப் பற்றித் தகவல். தகவல் சொல்லாத வீடே ஊரில் இல்லை. வாத்தியாரின் இடுப்பு வாரைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அதைப் பார்த்து, வேலைவெட்டி இல்லாதவர்களும் காக்கி தைத்துக்கொண்டார்கள். கடைத்தெருவில் காக்கித் துணிக்குப் பஞ்சம் வந்தது. இருதயராஜுக்குச் சோறு இறங்கியது, தூக்கம்தான் வரவில்லை.

இப்படியிருக்க, மேலிடத்திலிருந்து விளக்கம் வந்தது: ஸ்கவுட்டிங் என்பது கூலி வாங்காமல் தினம் ஒரு பரோபகாரம் செய்தல்.

இருதயராஜுக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. விடிந்ததும் கிளம்பினார். தோல் பதனிட ஆவாரம்பட்டைக் கட்டைச் சுமந்துகொண்டு ஹலீமா பீ எதிரே வந்தாள்.

"குடும்மா, நான் தூக்கிட்டு வர்றேன்."

"கூலி எவ்ளோ?"

"கூலி வேணாம்."

"வேணாமா! அப்போ இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா ஒரு உபகாரம்."

ஹலீமா பீ கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கூச்சல் போட்டாள். கூட்டம் சேர்ந்தது. ஜென்மப் பகையாளிகளான நிசார் அஹமதும் மஹபூப் பாஷாவும் அன்றைக்குத்தான் ஒன்றாக நின்றார்கள்.

"வேவு பார்த்தான், சரி, பொழப்பு. கூலியில்லாம சுமை தூக்கறான்னா, இதுல பெரிய சூது இருக்குது!" என்றார் நிசார் அஹமது. மஹபூப் பாஷா ஆமோதித்தார்.

இருதயராஜைக் கழுத்தில் கட்டிய குட்டையோடு தாசில்தார் முன் நிறுத்தினார்கள்.

"மேலிடத்து விளக்கத்துல சொன்னதைத்தானே செஞ்சேன், எஜமான்!"

"விளக்கம் விளக்கத்தோடு இருக்க வேண்டும், ஐயா. தெருவுக்குக் கொண்டு வந்தால் பொது அமைதி என்ன ஆவது?"

இனி எவருக்கும் எந்தவித உபகாரமும் செய்வதில்லை என்று நன்னடத்தை முச்சலிக்கா எழுதிக் கொடுத்த பிறகே இருதயராஜ் விடுதலையானார். சாட்சிக் கையெழுத்துப் போட ஊரே முண்டியடித்தது.