அப்பா பதில் தரவில்லை

அன்பு மகளுக்கு,

உயிரோடிருக்கும் உன் அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டும்.

போன முறை வந்தபோது, குடும்பப் படங்களைச் சேமிக்க மாடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, ஆசையாக 'அப்பா' என்று பெயரும் வைத்தாய். அதன் பின்னணியில் ஓடும் மென்பொருளை உன் ஊரிலிருந்தே ஒரு காவல் நிரல் "இருக்கிறாயா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும், பதில் வராவிட்டால் உனக்கும் பெரியப்பாவுக்கும் என்னோடு வேலை பார்த்த கேபிள் மாமாவுக்கும் சேதி போகும் என்றாய். போயிற்று, தாயே. "அப்பா பதில் தரவில்லை. மூன்று முறை எழுப்பியும் எழவில்லை."

நீ விஷயம் தெரிந்தவள், சும்மா இருந்துவிட்டாய். நான் குளித்துவிட்டு வந்தால் கூடத்தில் பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். நான் பதறிப்போய், "யாருக்கு என்ன ஆச்சு அண்ணி?" என்றேன். "உங்களுக்குத்தான்!" என்றவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். பெரியப்பாவுக்கோ கோபம். "பாதி சவரத்துல எந்திரிச்சு ஓடி வந்திருக்கேன்டா!"

அடுத்து கேபிள் மாமா. இரண்டு பஸ் மாறி, ஜோடி மாறிய செருப்போடு. வாசலிலேயே நின்றார்.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன்டா."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, செத்தது எங்க? காட்டு."

ஒரே ஊரில் இருந்தும், ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் சந்திக்கவேயில்லை, நாளை பார்க்கலாம், நாளை பார்க்கலாம் என்றே வருஷங்கள் ஓடிவிட்டன. மாமா குனிந்து பெட்டியில் காதை வைத்தார், ஆபீஸ் கம்ப்யூட்டர் லைன்களை நாங்கள் பார்த்துக்கொண்ட அந்தக் காலத்தில் வைப்பது போலவே. அப்போது எங்களுக்கு ஏது காவல் நிரல்? கணக்குப் பிரிவு அம்மா "லைன் போச்சு!" என்று போடும் கூச்சல்தான். உடனே இருவரும் டார்ச்சோடு மேசைக்கடியில் தவழ்வோம், மேலே அதிகாரி யாரையோ திட்டிக்கொண்டிருப்பார், கீழே நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். உன் பெட்டிக்கு வந்த நோய் வேறொன்றுமில்லை, பேரனின் படங்களால் வயிறு நிரம்பிவிட்டது. கொஞ்சம் அழித்ததும் எழுந்துவிட்டது. மாமாதான் சாயங்காலம்வரை எழவில்லை. கிளம்பும்போது, "அப்ப தினம் லைன் போச்சு, தினம் பாத்துக்கிட்டோம். இப்ப எல்லாம் ஒழுங்கா ஓடித் தொலையுது," என்றார்.

ஆகவே பெயரை உடனே மாற்று. மாமாவின் எண்ணையும் எடுத்துவிடு, பாவம், அவருக்கு முட்டி வலி.

குழந்தைக்கு முத்தம். மாப்பிள்ளைக்கு என் அன்பு. எல்லோரும் நிறைவாக வாழுங்கள்.

உன் அப்பா

பி.கு.: எதையும் மாற்றாதே. மாமா போன் செய்து, "என்னடா, ஒண்ணும் நிக்கலையா?" என்று கேட்டார். மாடிக்குப் போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன். பெரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியாயிற்று. நீயும் பயந்துபோய் அங்கிருந்தே ஆள் அனுப்பிச் சரிசெய்து தொலைக்காதே.