சாம்பியனின் மத்தியானத் தூக்கம்

"தூக்கம் வரலை. ஏதாவது பண்ணுங்க," என்று தொலைபேசியில் சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டார் சாம்பியன்.

போனை எடுத்த வரவேற்பு மேலாளர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். மறுநாள் காலை அந்த கோல்ஃப் விடுதியில் சாம்பியன்ஷிப் போட்டி. ராத்திரி முழுக்கச் சொகுசுக் காரில் கொட்டக் கொட்ட விழித்தபடி வந்த மனுஷன், மத்தியானமாவது கொஞ்சம் கண்ணயர வேண்டும். மைதானத்தில் யாராவது இருமினாலே ஆட்டத்தை நிறுத்திவிட்டு முறைக்கிறவர் வேறு. அவர் கோபித்துக்கொண்டு கிளம்பினால், மேலாளரின் வேலை நிரந்தரமாகும் வாய்ப்பும் கூடவே கிளம்பிவிடும். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று வீட்டுக்காரி அதற்குள் சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

மேலாளர் ஓடினார். சாம்பியனின் சன்னலுக்குக் கீழே புல்வெட்டும் வண்டி நின்றிருந்தது. டீ குடித்து முடித்த ஓட்டுநர் அப்போதுதான் மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

"சாவியைக் குடுங்கண்ணே."

"நாளைக்குப் போட்டி சார். பாதிதான் வெட்டியிருக்கேன்."

"மீதி வளராம பாத்துக்குங்க."

சாவியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினால், தொலைபேசி அலறிக்கொண்டிருந்தது.

"இப்ப சுத்தமா வரலை," என்றார் சாம்பியன்.

மேலாளர் காதைத் தீட்டிக்கொண்டார். பயிற்சித் திடலிலிருந்து டொக், டொக் என்று பந்தடிக்கும் ஓசை. அங்கே போய் வீரர்களிடம் கெஞ்சினார்.

"கொஞ்சம் சத்தமில்லாம அடிக்கலாமா சார்?"

"அப்படி அடிச்சா பந்து எப்படிப்பா போகும்?" என்றார் ஒருவர்.

காபி இலவசம் என்று சொல்லி எல்லோரையும் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது அழைப்பு வந்தது. "நான் வேற ஹோட்டல் பாக்கட்டுமா?"

மேலாளருக்கு ஆவேசமே வந்துவிட்டது. நீரூற்றை நிறுத்தினார். லிஃப்டை நிறுத்தினார். கட்டடம் முழுவதற்குமான ஏசியையும் நிறுத்தினார். வியர்த்து வழிந்த விருந்தினர்கள் சண்டைக்கு வந்தபோது, அவர்களையும் குசுகுசுவென்றே திட்டச் சொன்னார். பணியாளர்கள் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தார்கள். போட்டி நாளில் கூட்டத்தை அடக்குவதற்கு வைத்திருந்த 'அமைதி' பலகைகளோடு நாலைந்து பேர் சன்னலுக்குக் கீழே நின்றார்கள்.

கைப்பேசி அதிர்ந்தது. மனைவி. "சொல்லு," என்றார் மேலாளர் மூச்சுக்குரலில்.

"ஏங்க, ஏன் இப்படிக் கிசுகிசுக்கிறீங்க? அப்பா உங்களை வாழ்த்தணுமாம்."

"மாமாவை நாளைக்கு வாழ்த்தச் சொல்லு. இன்னைக்கு வேண்டிக்கச் சொல்லு."

மாடிப்படியில் பெட்டியோடு சாம்பியன் இறங்கி வந்தார். கண்ணிரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. பின்னாலேயே அவருடைய மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளர்.

"இங்க மனுஷன் தூங்க முடியாது. நான் கிளம்பறேன்," என்று சாவியை வைத்துவிட்டு, சாம்பியன் நேரே போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

மேலாளருக்கு அழுகையே வந்துவிட்டது. உதவியாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு ஈ பறக்கிற சத்தம்கூட இல்லையேண்ணே. இன்னும் எதை நிறுத்தணும்னு சொல்லுங்க, நிறுத்திடறேன்."

உதவியாளர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கிட்டே வந்தார்.

"வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு அவர் வாயே திறக்க மாட்டாரு சார், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து வீட்டுல வளந்தவரு, காதடைக்கிற சத்தம் இருந்தாத்தான் கண்ணையே மூடுவாரு."