குண்டுமணி கதாநாயகியான இரண்டு புத்தகங்கள்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கே உன் அக்கா, உன் மருமகள், நான் மூவரும் நலம். நாலாவதாக ஒருத்தியைத் தபாலில் அனுப்பி வைத்தாயே, அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பெயரையும் போட்டோவையும் கொடுத்தால் நம் பிள்ளையையே கதாநாயகியாக்கிப் படப் புத்தகம் அச்சடித்துத் தருகிறார்கள், தன் கதை என்றால் பிள்ளை தானாகப் படிக்க ஆரம்பித்துவிடும் என்று நீ போனில் சொன்னபோது நான் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. சேதம் நடந்த பிறகு போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிற இன்சூரன்ஸ் வேலை என்னுடையது. நடப்பதற்கு முன்னால் எதையும் தடுத்துப் பழக்கமில்லை. புத்தகம் வந்தது. அட்டையிலேயே முன்பல் விழுந்த வாயோடு நம் குண்டுமணி. பள்ளிக்கூடப் பெயரை விட்டுவிட்டு வீட்டில் கூப்பிடுகிற பெயரையே பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறாய், போகட்டும். ஆனால் பிள்ளைக்குப் பிடிக்காதவை என்னென்ன என்று அவர்கள் கேட்டதற்கு, பால், சீப்பு, தூக்கம் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்க உனக்கு எப்படி மனசு வந்தது? இரண்டாம் பக்கத்திலேயே, "பால் வேண்டாம் என்றாள் குண்டுமணி. எல்லாரும் சரி என்றார்கள்" என்று இருக்கிறது. அந்த எல்லாரில் நான் இல்லை. உன் அக்காவும் இல்லை.

பிறகு அவள் நிலாவைத் தேடி நாற்காலி மேல் ஏறுகிறாள், மேசை மேல் ஏறுகிறாள், அலமாரி மேல் ஏறுகிறாள். மாடிப்படி என்று ஒன்று இருப்பதே கதை எழுதியவருக்குத் தோன்றவில்லை. மறுநாள் நான் வேலை முடிந்து வந்தால் நம் குண்டுமணி துணி அலமாரியின் உச்சியில், தலை கூரையில் இடிக்க, புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். "எறங்கும்மா" என்றேன். "புக்குல நான் எறங்கவே இல்லப்பா, பாரு" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். வாஸ்தவந்தான், அடுத்த பக்கத்தில் நேராக நிலாவுக்கே போய்விடுகிறாள். ஏணி போட்டு இறக்கினேன். அலமாரிக் கதவு ஒன்று கழன்றது. வேறு சேதம் இல்லை.

எப்படியோ படிக்கிறாளே என்று இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். விரலை வைத்து வரிவரியாக, தடங்கலே இல்லாமல் ஒப்பிப்பாள். அந்தப் பெருமையில் புத்தகமும் கையுமாக அவள் டீச்சரைப் பார்க்கப் போனோம். டீச்சர் கெட்டிக்காரர், நடுவில் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். படத்தில் குண்டுமணி நிலாவில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்க, நம் குண்டுமணி டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு இன்னும் மேசை மேல் ஏறிக்கொண்டிருந்தாள். "மனப்பாடம் சார். எழுத்தெல்லாம் தெரியுது, கூட்டிப் படிக்கத்தான் வரல. வருஷக் கடைசிக்குள்ள வரலைன்னா இதே வகுப்புலயே இன்னொரு வருஷம் இருக்கட்டும்" என்றார். வீடு வரும்வரை உன் அக்கா டீச்சர் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கூட இருந்த பிள்ளைகளெல்லாம் பக்கத்து அறைக்குப் போய்விட, இவள் மட்டும் அதே குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைக்கவே கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. புத்தகத்தில் போட்டதைத்தான் செய்வாள் என்றால், போடுவதை நாம் போட்டுவிட்டால் போச்சு. அதே அச்சகத்துக்கு நானே எழுதினேன். பிள்ளைக்குப் பிடித்தவை: பால், தலை வாருவது, நேரத்துக்குத் தூங்குவது, எழுத்துக் கூட்டிப் படிப்பது, அப்பா. வந்ததைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், அட்டையில் சீப்பும் பால் டம்ளருமாக நிற்கிற பிள்ளையைப் பார்த்ததுமே உன் அக்கா, "இது கதையா, ஆஸ்பத்திரியில மாட்டி வைக்கிற போர்டா?" என்றாள். குண்டுமணியிடம் கொடுத்தேன். மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு பக்கம் பக்கமாக ரொம்ப நேரம் முறைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் வெளியே வந்து புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

"இது நான் இல்ல. இவ பாலைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறா. அப்பா சொன்னா உடனே எறங்கிடறா."

"முகம் உன்னோடதுதானே?"

"முகம் மட்டுந்தான்."

ஆக என் திட்டமும் மண்ணைக் கவ்வியது. இரண்டு புத்தகங்களையும் அலமாரி மேல் போட்டுவிட்டேன், அது அவளுக்கு எட்டுகிற உயரந்தான் என்பது வேறு விஷயம். தயவுசெய்து இனிமேல் இந்த மாதிரி எதையும் அனுப்பாதே. ஆசையாக இருந்தால் ஒரு பந்து வாங்கிக் கொடு. பந்தில் யார் முகமும் வேண்டாம்.

உன் இருமல் குறையவும், உனக்கும் சீக்கிரமே ஒரு பிள்ளை பிறந்து அதற்கு நானும் இப்படி ஒரு புத்தகம் அனுப்பி வைக்கவும் மனமார ஆசீர்வதிக்கும்,
உன் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "ரெண்டாவது புக்கை அவளுக்கு யாரு படிச்சுக் காட்டினது?" என்றாள். நீதானே என்றேன். தான் தொடவே இல்லை என்றாள். நானும் இல்லை. புத்தகத்தை இறக்கி எடுத்துக்கொண்டு போய் குண்டுமணியையே கேட்டோம். "நானேதான் படிச்சேன். எல்லாம் பொய்" என்றாள். எங்கே, படி என்றேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, பால் வருகிற இடத்தில் முகத்தைச் சுளித்து, அப்பா வருகிற இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படித்தாள். இவ்வளவு வெறுப்போடு ஒருவர் படித்து நான் கேட்டதில்லை. இவ்வளவு சந்தோஷமாகவும் எதையும் கேட்டதில்லை. எனவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு உடனே இன்னொன்று அனுப்பு. அவளைப் பற்றி எத்தனை பொய் முடியுமோ அத்தனையும் போடு. கடைசிப் பக்கத்தில் மட்டும் சட்டென்று நின்றுவிட்டாள். "என்னம்மா, தெரியலையா?" என்றேன்.

"எழுத்து மேல கைய வச்சிருக்கப்பா. எடு" என்றாள்.